கணிப்பொறியில் தானே வந்து களையெடுக்கும் கருவி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் கணிப்பொறிப் பயிற்சிப் பிரிவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனைப் பேசத் தகுதியுடைய பெரியோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். எங்களுக்கு ஒதுக்கப்பெற்ற நேரத்தில், நம் பயிற்சி நிலையத்தில் நாங்கள் செய்த பிழை ஒன்றனையும், அப்பிழை எங்களுக்குக் கற்பித்த செய்தியையும் சொல்ல விரும்புகின்றோம்.

2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நம் நிலையத்தில் பதினொரு கணிப்பொறிகள் இருந்தன. எல்லாம் நன்கொடையாக வந்த பழைய பெட்டிகள். விண்டோஸ் 7 என்னும் இயக்க மென்பொருளில் ஓடியவை. ஒருநாள் காலையில் அவற்றுள் ஒன்று நத்தையாய் ஊர்ந்தது. என்ன காரணம் என்று பார்த்தபோது, "எம்.ஆர்.டி." என்ற பெயரில் ஏதோவொரு நிரல், வட்டு முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தது. டி டிரைவின் முகப்பில், பொருளற்ற எழுத்துக்களும் எண்களும் கலந்த பெயரில் ஓர் உறையும் முளைத்திருந்தது. நாங்கள் யாரும் அழைக்கவில்லை, யாரும் நிறுவவில்லை. "இது வைரஸ்தான், ஐயமில்லை" என்று முடிவு கட்டினோம். அது விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது என்று தெரிந்தபின்னும் எங்கள் மனம் மாறவில்லை. அக்காலத்தில் நம்மிடம் இருந்தது மாத அளவு வைத்த இணைய இணைப்பு. அப்டேட்டுகள் அந்த அளவைத் தின்றுவிடுகின்றன என்ற குறையும் சேர்ந்துகொண்டது. பதினொரு பெட்டிகளிலும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டோம். வேகம் கூடியது. மாணவர்கள் பாராட்டினார்கள். நாங்களும் மகிழ்ந்தோம்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தோம். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காகச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைப் படியெடுத்து ஒரே பெட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். வேறொரு பெட்டியில் யாரோ ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்திருக்கிறார். அதிலிருந்து நிலையத்தின் உள்வலை வழியே பிற பெட்டிகளுக்கும் தீங்கு நிரல் தாவிற்று. மறுநாள் காலையில் கோப்புகள் யாவும் பூட்டுண்டு கிடந்தன. திறக்க வேண்டுமானால் பணம் செலுத்துக என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. எந்த ஓட்டை வழியே அது தாவிற்றோ, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அது நம் வாசல்வரை வந்திருக்கும். வாசலை அடைத்து வைத்தவர்கள் நாங்கள்.

விண்ணப்பத்திற்கு இறுதிநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவர் வீடுதோறும் சென்றோம். சான்றிதழ்கள் பெரும்பாலும் தாய்மாரின் டிரங்குப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன என்பது எங்கள் நற்பேறு. ஆயினும் பல பெற்றோர் ஒருநாள் கூலியை இழந்து நிலையத்திற்கு வந்து நின்றனர். ஒரு மாணவியின் வருமானச் சான்றிதழ் மூலப்படி கிடைக்கவேயில்லை. புதிதாகப் பெறுவதற்குள் நாள் கடந்துவிட்டது. அவர் அவ்வாண்டு உதவித்தொகை பெறவில்லை. அவருடைய தாயார் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

அதன்பிறகே, நாங்கள் வைரஸ் என்று விரட்டியது யாது என்று முறையாகப் படிக்கத் தொடங்கினோம்.

அதன் முழுப்பெயர் விண்டோஸ் மலிஷியஸ் சாப்ட்வேர் ரிமூவல் டூல். தமிழில் தீங்கு மென்பொருள் நீக்கும் கருவி எனலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 2005 ஜனவரியில் முதன்முதலாக வெளியிட்டது. நம் சங்கத்துக்கு வயது 25. இக்கருவிக்கு வயது 20ஐக் கடந்துவிட்டது. ஏறக்குறைய நம்மோடு ஒரே காலத்தில் வளர்ந்ததுதான்.

இது பிறந்த காரணத்தை அறிய 2003ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 11 அன்று பிளாஸ்டர் என்னும் புழு பரவத் தொடங்கிற்று. வைரஸ் என்பது ஒரு கோப்பில் தொற்றி, அக்கோப்பை யாரேனும் திறக்கும்போது பரவுவது. புழு என்பது யாருடைய உதவியும் இன்றி, வலையின் வழியே தானே ஊர்ந்து பெட்டிக்குப் பெட்டி செல்வது. பிளாஸ்டர் தாக்கிய பெட்டிகள், 60 விநாடியில் அணையப்போவதாக அறிவித்துவிட்டுத் தாமே அணைந்து எழுந்தன. இதற்கான திருத்தம் ஜூலை 16ஆம் நாளே வெளியாகியிருந்தது. ஒரு மாதம் முன்னதாக மருந்து இருந்தும் நோய் உலகைச் சுற்றியது. மருந்தைப் பெற்றுக்கொள்ளாதவர் அத்தனை பேர். மேலும், ஆகஸ்டு 16 முதல் விண்டோஸ் அப்டேட்டின் ஒரு முகவரியையே தாக்கி முடக்கும்படியாக அப்புழு எழுதப்பட்டிருந்தது. மருந்துக் கடையையே கொளுத்தும் எண்ணம்! அந்த முகவரியை நிறுவனம் முன்கூட்டியே விலக்கிக்கொண்டதால் அக்கேடு தவிர்ந்தது.

அடுத்து நடந்ததைக் கேட்டால் வியப்பீர்கள். ஒரே வாரத்தில் வெல்ச்சியா என்னும் மற்றொரு புழுவை யாரோ ஏவினார். அது பிளாஸ்டர் நுழைந்த அதே ஓட்டை வழியே நுழைந்து, பிளாஸ்டரைக் கொன்று, உரிய திருத்தத்தைத் தரவிறக்கி நிறுவவும் முயன்றது. நல்லது செய்ய வந்த புழு! ஆனால் அடுத்த பெட்டியைத் தேடித் தேடி அது அனுப்பிய தட்டல்களினாலேயே வலைகள் நெரிசலுற்றுத் திணறின. உரிமையாளர் ஒப்புதலின்றி, பொறுப்பேற்பவர் எவருமின்றி, நல்ல நோக்கம் மட்டும் கொண்டு வந்த மருத்துவன் நோயாளியைப் படுக்கையில் தள்ளிய கதை இது.

2004 ஜனவரியில் பிளாஸ்டருக்கென்று தனியாக ஒரு நீக்கும் கருவியை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் சாசர் என்னும் புழு வந்தது. அதற்கும் திருத்தம் இரு வாரங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. புழுவுக்கொரு கருவி என்று எத்தனை செய்வது? எல்லாவற்றையும் ஒரே கருவியில் சேர்த்து, புதுப்பிப்பு என்னும் வண்டியிலேயே ஏற்றி வீடுவீடாக அனுப்பலாம் என்ற முடிவின் விளைவே நாம் பேசும் எம்.ஆர்.டி. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்காவிலிருந்து திருத்தங்கள் புறப்படும் நாள். நம் ஊரில் அது பெரும்பாலும் செவ்வாய் இரவோ புதன் காலையோ வந்து சேரும். அந்த வண்டியில் இதுவும் வந்தது.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். எங்களுக்கும் இருந்தது. ஆகவே சற்று விரித்துரைக்க இசைவு தாருங்கள்.

மலேரியா ஒழிப்புப் பணியாளர்கள் வீடுதோறும் வந்து சென்ற காலம் இங்குள்ள மூத்தோர்க்கு நினைவிருக்கும். மருந்து தெளித்துவிட்டு, சுவரில் தேதி எழுதிச் செல்வார்கள். அவர்கள் நம் வீட்டுக் காவலாளிகள் அல்லர். திருடன் வந்தால் அவர்களைக் கூப்பிட இயலாது. காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் மருந்து கிடையாது. குறித்த ஒரு நோயைக் குறித்த நாளில் தேடி வருவார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்.

எம்.ஆர்.டி.யும் அத்தகையதே. அக்காலத்தில் பரவலாக உலவும் தீங்கு நிரல் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. அப்பட்டியலில் உள்ளவை ஏற்கெனவே நம் பெட்டிக்குள் புகுந்து இயங்கிக்கொண்டிருந்தால் கண்டு நீக்கும். புகாமல் தடுப்பது அதன் வேலையன்று. பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே நின்றாலும் அதனைத் தொடாது. தடுப்பது வேறொருவர் பணி: அன்றாடம் வாசலில் நிற்கும் எதிர்ப்பு மென்பொருள். விண்டோஸ் 8 முதல் டிபெண்டர் என்ற பெயரில் அது இயக்க மென்பொருளோடேயே வருகின்றது. இவ்விரண்டினும் அடிப்படையானது, சுவரில் உள்ள ஓட்டையையே அடைத்துவிடும் திருத்தம். ஓட்டையை அடைக்காமல் களையை மட்டும் பிடுங்கினால், பிடுங்கிய இடத்திலேயே மறுநாள் முளைக்கும். எங்கள் நிலையத்தில் நாங்கள் ஒரே விசையை அழுத்தி, களையெடுப்பவரையும் கொத்தனாரையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எம்.ஆர்.டி. அன்று ஓடியிருந்தாலும் எங்கள் பூட்டுண்ட கோப்புகளை மீட்டிருக்காது. நிரலை நீக்குவது ஒன்று. நிரல் செய்த சேதத்தைச் சரிசெய்வது முற்றிலும் வேறு. அதற்கு மருந்து, தனியே எடுத்து வைத்த மறுபடி ஒன்றுதான். இன்று நம் நிலையத்தில் சான்றிதழ்ப் படிகள் வெளி வட்டு ஒன்றில் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அவ்வட்டைக் கழற்றிப் பூட்டி வைக்கின்றோம். கழற்றாமல் விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டுண்டு போகும்.

எங்களை அச்சுறுத்திய அந்த விநோதப் பெயருடைய உறையின் இரகசியமும் பின்னர்த்தான் விளங்கிற்று. புதுப்பிப்பு வழியாக வரும்போது இக்கருவி, தற்போக்காகப் பெயரிடப்பெற்ற தற்காலிக உறை ஒன்றில் தன்னை விரித்துக்கொண்டு வேலை செய்யும். பின்னர் அவ்வுறையை நீக்கிவிடும். சில வேளைகளில் அது எஞ்சி நிற்பதுண்டு. வேலை நடப்பதும் ஓசையின்றியே. ஒன்றும் அகப்படவில்லையானால் ஒரு சொல்லும் சொல்லாது. அகப்பட்டால்தான் திரையின் மூலையில் அறிவிப்பு வரும். முழுமையாகத் தேடவேண்டும் என்றோ, பெட்டியை அணைத்து எழுப்பவேண்டும் என்றோ அது கேட்கலாம். ஓசையின்றி வந்து போகிறவனை ஐயுறுவது மனித இயல்பு. நாங்கள் ஐயுற்றதில் தவறில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விரட்டியதே தவறு.

கேட்பதற்கு வழியிருக்கின்றது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் கட்டத்தில் எம், ஆர், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களை இட்டால் கருவியே எழுந்து வரும். நம் பெட்டியில் உள்ள பதிப்பு எந்த மாதத்தது, எந்தெந்தத் தீங்கு நிரல்களை அது அறியும் என்பனவற்றை அங்கேயே காணலாம். விரைவாகத் தேடலாம், முழுமையாகத் தேடலாம், விரைவுத் தேடலோடு குறித்த ஓர் உறையையும் சேர்த்துத் தேடச் சொல்லலாம். முழுத் தேடலுக்குப் பழைய பெட்டிகளில் பல மணி நேரம் ஆகும். மாலையில் தொடங்கிவிட்டுப் போவதே நலம்.

மலேரியாப் பணியாளர் சுவரில் எழுதிய தேதியைப் போல, இதுவும் எழுதிவிட்டுத்தான் போகின்றது. சி டிரைவில் விண்டோஸ் என்னும் உறைக்குள் டீபக் என்னும் உறை இருக்கின்றது. அதனுள் எம்.ஆர்.டி. என்னும் பெயருடைய பதிவேடு ஒன்று. என்று தொடங்கிற்று, என்று முடிந்தது, என்ன கண்டது என்பன அதில் வரிவரியாக இருக்கும். 2017இல் இப்பதிவேட்டை நாங்கள் ஒருமுறை திறந்திருந்தால், வந்தவர் யாரென்று அன்றே தெரிந்திருக்கும்.

புதுப்பிப்பு நின்றுபோவதே ஒரு நோய்க்குறி என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2008 நவம்பரில் தோன்றிய கான்பிக்கர் என்னும் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெட்டிக்குள் புகுந்ததும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தியது. எதிர்ப்பு மென்பொருள் நிறுவனங்களின் முகவரிகளை எட்டாதபடி தடுத்தது. பின்வந்த அதன் வடிவம் பென் டிரைவ்களிலும் ஏறிப் பயணம் செய்தது. அதற்குரிய திருத்தம் 2008 அக்டோபர் 23 அன்றே வந்திருந்தது. நீக்கும் ஆற்றல் 2009 ஜனவரியில் எம்.ஆர்.டி.யில் சேர்ந்தது. கான்பிக்கர் கோடிக்கணக்கில் முயன்று செய்த வேலையை, நாங்கள் ஒரு காலைப்பொழுதில் எங்கள் கையாலேயே செய்து முடித்தோம் என்பதை எண்ணும்போது நகைப்பதா, நாணுவதா என்று தெரியவில்லை.

அவ்வாறாயின், வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம் வீட்டுக்குள் நம்மைக் கேளாமல் நுழைந்து, ஒரு பொருளைத் தீது என்று தீர்மானித்து எடுத்துப்போகும் அதிகாரம் சிறிய அதிகாரமன்று.

அவ்வதிகாரம் உரிமையாளருக்குத் துணைநின்றதும் உண்டு. 2005இல் புகழ்பெற்ற ஓர் இசை நிறுவனமான சோனி பிஎம்ஜி, தன் குறுந்தட்டுகள் வழியாக, வாங்கியவரின் கணிப்பொறியில் மறைந்து தங்கும் நிரலைப் புகுத்தியது. பாட்டுக் கேட்கக் காசு கொடுத்தவன் பெட்டியில் ஒற்றன்! அந்நிரலை அவ்வாண்டு டிசம்பரில் எம்.ஆர்.டி.யின் பட்டியலில் சேர்த்தனர். ஆனால் 2013இல் நடந்தது வேறுவகை. செஃப்னிட் என்னும் தீங்கு நிரல், இணையத்தில் அடையாளம் காட்டாது உலவ உதவும் டோர் என்னும் மென்பொருளைத் தன் தேவைக்காக, உரிமையாளர் அறியாமல், ஏராளமான பெட்டிகளில் நிறுவிற்று. செஃப்னிட்டோடு அது நிறுவிய டோரையும் மைக்ரோசாப்ட் நீக்கியது. டோர் தன்னளவில் தீங்கு நிரலன்று. பத்திரிகையாளரும் உரிமைப் போராளிகளும் பயன்படுத்துவது. கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பதிப்பு ஓட்டையாகிவிடும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். தாமே விரும்பி நிறுவியவரின் டோர் இதில் அகப்படாதவாறு கவனமாகப் பிரித்தறிந்ததாகவும் சொன்னார்கள். காரணம் ஏற்கத்தக்கதே என்பது எங்கள் கருத்து. எனினும், நிறுவனம் ஒன்று தொலைவிலிருந்தபடி நம் பெட்டியில் ஒரு மென்பொருளை அகற்றவல்லது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. அதனைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களையும் நாங்கள் குறைகூற மாட்டோம்.

பெயரைச் சொல்லி ஏமாற்றுவோரும் உளர். 2012இல் வெளிப்பட்ட ஃபிளேம் என்னும் உளவு நிரல், மைக்ரோசாப்ட்டின் மின் கையொப்பத்தையே பொய்யாகப் புனைந்து, உள்வலையில் விண்டோஸ் அப்டேட் வேடம் பூண்டு பரவியது. நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் அந்தச் சான்றுகளைச் செல்லாதவையாக்கியது. அது அரசுகள் அளவிலான கைவேலை. நம் மாணவர்கள் எதிர்கொள்வது இன்னும் எளிய மோசடி. இணையப் பக்கம் ஒன்று திடீரென்று சிவந்து, "உங்கள் கணிப்பொறியில் வைரஸ், உடனே இதனை அழுத்துக" என்று கூவும். உண்மையான எம்.ஆர்.டி. உலவியின் பக்கத்தில் வந்து கூவுவதில்லை, காசு கேட்பதில்லை, தொலைபேசியில் அழைக்கச் சொல்வதில்லை. இந்த மூன்றையும் எங்கள் நிலையச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கின்றோம்.

தானியங்கிப் புதுப்பிப்பு பிழையே செய்யாது என்றும் சொல்லமாட்டோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் வேறொரு பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பெட்டிகள் நீலத்திரையோடு நின்றன. விமான நிலையங்களில் மக்கள் காத்துக் கிடந்தனர். அத்தகைய நாளும் வரும். வந்தாலும், பிழை என்ன, யாருடையது, எப்படிச் சரிசெய்வது என்று சொல்ல ஒருவர் பொறுப்பில் இருக்கின்றார். வெல்ச்சியாவுக்கு அத்தகைய பொறுப்பாளர் இல்லை. கதவைத் திறந்தே வைப்பது, ஆனால் யார் வந்து போனார் என்று பதிவேட்டைப் பார்ப்பது என்பதே எங்கள் நிலையத்தில் நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். இணைய அளவு குறைவாக இருந்த நாட்களில் புதுப்பிப்பு நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டோம், நிறுத்தவில்லை.

இறுதியாகச் சங்க நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. நாம் அடுத்துப் பயன்படுத்திய விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. நன்கொடையாக வந்த நம் பெட்டிகளுட் பல, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாதவை. வாசலைத் திறந்து வைத்தாலும் ஓட்டையை அடைக்கும் கொத்தனார் வராத நிலை நேரும். அப்பெட்டிகளில் லினக்ஸ் நிறுவுவதா, புதியன வாங்குவதா என்பதை நிர்வாகக் குழு இவ்வாண்டே முடிவு செய்யவேண்டும். நன்கொடையாளர்களிடமும், பெட்டி தரும்போது அதன் வயதையும் சொல்லித் தருமாறு அன்புடன் கேட்கலாம்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள். இரண்டு பெட்டிகளை இயக்கி வைத்திருக்கின்றோம். அன்று உதவித்தொகை பெறாமற் போனவர் என்று நாங்கள் குறிப்பிட்ட மாணவி, மறு ஆண்டு விண்ணப்பித்துப் பெற்றுப் பட்டப்படிப்பை முடித்து, இன்று நம் நிலையத்தில் பகுதிநேரப் பயிற்றுநராக இருக்கின்றார். பதிவேட்டை எப்படித் திறந்து வாசிப்பது என்று அவர் உங்களுக்குக் காட்டுவார். பென் டிரைவ் கொண்டுவந்திருப்போர் அதனை முதலில் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.